ஒரு நிமிடக் கிளிப்பை விட்டு முழு விவாதத்தையும் பார்க்க ஓர் இடம்: சி-ஸ்பேன் காணொளிக் காப்பகம்

அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது நாலைந்து காட்சிகள்தான். நிக்சனுக்கு வியர்த்தது. அப்பா புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரீகன் தன் வயதை வைத்தே சிரிக்கவைத்தார். பைடன் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினார். ஒவ்வொரு காட்சியோடும் ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டே வரும்: "அந்த ஒரு நிமிஷத்துல தேர்தலே முடிஞ்சுபோச்சு." இந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க வேண்டுமானால், அந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்த்தாக வேண்டும். அதற்கு நான் பார்த்த இணைய சேவைகளிலேயே சிறந்தது சி-ஸ்பேன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அமைப்பின் காணொளிக் காப்பகம்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். மாதிரி நாடாளுமன்றத்துக்கும் பேச்சுப்போட்டிக்கும் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதும் என் பொறுப்பு. இந்தக் காப்பகத்தை வகுப்பில் புரொஜெக்டரில் போட்டும், வீட்டில் பாடம் தயார் செய்யவும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். காசு எதுவும் கட்டவில்லை. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன். அந்த அரை நட்சத்திரம் எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சேவையைப் பற்றி முதலில். சி-ஸ்பேன் 1979-ல் பிரையன் லாம்ப் என்பவரின் முயற்சியில் தொடங்கியது. லாபநோக்கற்ற அமைப்பு. அமெரிக்க கேபிள் நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களிடம் வாங்கும் பணத்தில் சில காசுகளை இதற்குக் கொடுக்கின்றன. அரசுப் பணம் கிடையாது. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் நடப்பதை அப்படியே காட்டுவதுதான் முதல் வேலை. 1979 மார்ச் 19 அன்று அந்தச் சபையில் தொலைக்காட்சி கேமரா முன் முதன்முதலாகப் பேசிய உறுப்பினர் ஆல் கோர். 21 ஆண்டுகள் கழித்து அதே மனிதர் அதிபர் வேட்பாளராக விவாத மேடையில் நின்று, எதிராளி பேசும்போதெல்லாம் மைக்கில் கேட்கும்படி பெருமூச்சு விட்டு, நாடு முழுக்க அதற்காகவே பேசப்பட்டார். இந்த இரண்டு ஆல் கோரையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு வகுப்பே எடுக்கலாம்.

காப்பகம் 1987-லிருந்து பதிவுகளைச் சேர்த்து வருகிறது. இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்தது. 2010-ல் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய காலத்து முக்கியமான பதிவுகளும் உள்ளே உண்டு. அதிபர் விவாதங்கள் 1960-லிருந்தே கிடைக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது, குறுக்கே பேச ஆள் இல்லை என்பது. திரைக்குக் கீழே ஓடும் சிவப்புப் பட்டை இல்லை, "சற்றுமுன்" இல்லை, யார் ஜெயித்தார் என்று சொல்ல நாலு பேர் உட்கார்ந்திருப்பதும் இல்லை. பிற்கால விவாதங்களில் இரண்டு வேட்பாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். பேசுகிறவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில்தான் பல சமயம் விஷயம் இருக்கிறது. விவாதம் முடிந்ததும் நிபுணர்களைக் கூப்பிடாமல் தொலைபேசியைத் திறந்துவிடுவார்கள்: குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு ஓர் எண், ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு ஓர் எண், சார்பில்லாதவர்களுக்கு ஓர் எண். ஓஹையோவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநரோ டெக்சஸிலிருந்து ஒரு பாட்டியோ பேசினால் நெறியாளர் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்வார். பிள்ளைகளுக்கு நான் அதையும் தவறாமல் காட்டுவேன். ஒரே விவாதத்தைப் பார்த்த இரண்டு பேர், இரண்டு வேறு விவாதங்களைப் பார்த்தது போலப் பேசுவதை அங்கே காதால் கேட்கலாம்.

சரி, தேர்தலுக்கு வருவோம்.

1960 செப்டம்பர் 26. சிகாகோவில் சிபிஎஸ் நிறுவனத்தின் ஸ்டுடியோ. கென்னடி, நிக்சன். நெறியாளர் ஹோவர்ட் கே. ஸ்மித். ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சன் ஆகஸ்டில் முழங்காலில் அடிபட்டு, அதில் சீழ் பிடித்து, இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்து, உடல் மெலிந்து வந்திருந்தார். ஸ்டுடியோ வாசலில் காரைவிட்டு இறங்கும்போது அதே முழங்காலை மறுபடி இடித்துக்கொண்டார். சாம்பல் நிற கோட்டு, பின்னால் இருந்த திரையும் கறுப்பு-வெள்ளையில் அதே நிறமாகத் தெரிந்தது. தாடியின் கருமையை மறைக்க முகத்தில் பூசியிருந்த பவுடர், விளக்குச் சூட்டில் வியர்வையோடு கலந்தது. கென்னடி வெயிலில் திரிந்து பழுத்த முகத்தோடு, கருநிற கோட்டில் வந்திருந்தார்.

இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் இன்னொரு கதை: ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றார்கள், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றார்கள். என் மாணவர்கள் பேச்சுப்போட்டியில் சொல்ல இதைவிட வசதியான உதாரணம் இல்லை என்பதால் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதைக் கொண்டுவருவார். இந்தக் கதையின் முக்கிய ஆதாரம் சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரு கணிப்பு. அதில் ரேடியோ கேட்டவர்கள் 300 பேருக்கும் குறைவு. அவர்கள் முதலிலிருந்தே எந்தக் கட்சி, எந்த ஊர், எந்த மதம் என்பது சரியாகப் பிரித்துப் பார்க்கப்படவில்லை. 1987-ல் வான்சில், பெண்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விரிவாக எடுத்துக்காட்டி, இந்த ஆதாரத்தை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது என்று எழுதினார்கள்.

ஆனால் கதையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2003-ல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், 1960 விவாதத்தைப் பற்றி எதுவும் அறியாத மாணவர்களைக் கூட்டி, ஒரு பகுதியினருக்கு ஒலியை மட்டும், மற்றவர்களுக்குப் படத்தோடும் போட்டுக்காட்டினார். படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்று சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆளின் தன்மையை வைத்து எடைபோடுவதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. ஆக, படம் ஏதோ செய்கிறது. அது வாக்குப்பெட்டி வரை போகிறதா என்பது வேறு கேள்வி.

இதே சோதனையை என் வகுப்பிலும் செய்து பார்த்தேன். பாதிப் பேர் வராந்தாவில் ஸ்பீக்கர் மட்டும் வைத்துக் கேட்டார்கள், பாதிப் பேர் உள்ளே திரையில் பார்த்தார்கள். வராந்தாவில் இருந்தவர்களுக்கு அந்தக் கால அமெரிக்க உச்சரிப்பு பிடிபடவே நேரமாகிவிட்டது. அவர்களால் யாருக்கும் வெற்றி சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்த ஒரு மாணவி சொன்னதுதான் அன்றைக்குக் கிடைத்த பலன். "மேம், வியர்வையை விடுங்க. இவரு எழுந்ததுமே 'கென்னடி சொன்னதை நாங்களும் ஒத்துக்கிறோம்'னு ஆரம்பிக்கிறாரே, அப்புறம் எப்படி ஜெயிப்பாரு?" உண்மைதான். செனட்டர் கென்னடி சொன்ன விஷயங்களில் பலவற்றை நம்மில் பலரும் ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் நிக்சன் தன் தொடக்கவுரையையே ஆரம்பிக்கிறார். கென்னடியோ லிங்கனில் தொடங்கி, உலகமே பாதி அடிமையாகவும் பாதி சுதந்திரமாகவும் இருக்கப்போகிறதா என்ற கேள்விக்கு வந்துவிடுகிறார். உள்நாட்டுப் பிரச்சினைகளுக்கான விவாதம் அது. அதிலேயே அவர் தன் களத்தை உலக அளவுக்கு விரித்துவிட்டார். கிளிப்பில் வியர்வை தெரியும், இது தெரியாது. முழு எட்டு நிமிடத் தொடக்கவுரைகளையும் பார்த்ததால்தான் அந்தப் பெண் கண்ணில் பட்டது.

தேர்தல் முடிவு? 6.88 கோடி வாக்குகளில் கென்னடிக்குக் கிடைத்த கூடுதல் ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். லிண்டன் ஜான்சனைத் துணை வேட்பாளராக்கி டெக்சஸைப் பிடித்தது, கத்தோலிக்கர்களின் வாக்கு, சிறையில் இருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவிக்குக் கென்னடி செய்த தொலைபேசி அழைப்பு, இல்லினாய்ஸ் மாநிலத்தில் சர்ச்சைக்குள்ளான வாக்கு எண்ணிக்கை. விவாதமும் அந்த வரிசையில் ஒன்று. அதைத் தனியே பிரித்து இதுதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அரசியல்வாதிகள் அப்படித்தான் நம்பினார்கள். 1964, 1968, 1972 மூன்று தேர்தல்களிலும் அதிபர் வேட்பாளர்கள் விவாதமே வைக்கவில்லை. எல்லா வேட்பாளர்களுக்கும் சம நேரம் தர வேண்டும் என்ற ஒலிபரப்புச் சட்டம் ஒரு சாக்கு. 1960-க்காக மட்டும் அதை நிறுத்திவைத்திருந்தார்கள். முன்னணியில் இருப்பவர் எதற்கு வீணாக ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும் என்ற கணக்குதான் அசல் காரணம்.

1976-ல் விவாதம் திரும்பி வந்தது. அந்த ஆண்டின் பதிவுகளில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. நடுவில் ஒலி அறுந்துபோய், நாட்டின் அதிபர் ஃபோர்டும் அவரை எதிர்த்த கார்ட்டரும் 27 நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல், உட்காராமல், மேடையில் தங்கள் இடத்திலேயே நிற்கிறார்கள். முதலில் உட்காருகிறவர் பலவீனமானவர் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் இருவர் உடம்பிலும் தெரிகிறது. தொலைக்காட்சி இவர்களை எவ்வளவு தூரம் ஆட்டிவைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. அப்போது சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று ஃபோர்டு சொன்ன விவாதம். கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் மேக்ஸ் ஃபிராங்கெல் காதில் விழுந்ததை நம்ப முடியாமல் திரும்பக் கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கிறார். ஃபோர்டு திருத்தவில்லை, யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று நாடு நாடாகச் சொல்லி, அந்த மக்கள் தங்களை அடிமைகளாக நினைக்கவில்லை என்று இன்னும் ஆழமாக உள்ளே போகிறார். கார்ட்டர் அமைதியாக, போலந்து வம்சாவளி அமெரிக்கர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள் என்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது அன்றிரவுக் கணிப்பு. விவாதம் முடிந்த உடனே ஃபோர்டின் ஆட்கள் தொலைபேசியில் கேட்டபோது, பார்த்தவர்கள் பெரிய தவறு நடந்ததாகவே சொல்லவில்லை; ஃபோர்டுக்குச் சற்றுச் சாதகமாகவே இருந்தது. மறுநாள் பத்திரிகைகளும் தொலைக்காட்சிச் செய்திகளும் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்ட பிறகு அதே கேள்விக்குப் பதில் தலைகீழானது. மக்கள் பார்த்த விவாதம் ஒன்று, மறுநாள் அவர்களுக்குச் சொல்லப்பட்ட விவாதம் இன்னொன்று. விளக்கவுரை இல்லாத ஒரு காப்பகத்தை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணமே இதுதான். இருந்தும், அந்தக் கோடையில் 30 புள்ளிகள்வரை பின்தங்கியிருந்த ஃபோர்டு, நவம்பரில் வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றார். இவ்வளவு பெரிய சறுக்கலுக்குப் பிறகும் அவர் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறார்.

சறுக்கலுக்குத் தண்டனை இல்லை என்பது போலவே, சாமர்த்தியத்துக்குப் பரிசும் உறுதியில்லை. 1988 அக்டோபர் 5, ஓமாஹா. துணை அதிபர் வேட்பாளர் டேன் குவேல் தன் அனுபவத்தைக் கென்னடியின் அனுபவத்தோடு ஒப்பிட, எதிரில் நின்ற லாய்ட் பென்ட்சன், கென்னடி என் நண்பர், நீங்கள் ஜாக் கென்னடி (ஜான் கென்னடியை நெருங்கியவர்கள் அழைத்த பெயர்) இல்லை என்று சொன்ன காட்சி. அரங்கமே கைதட்டலில் அதிர்ந்தது. விவாத வரலாற்றில் இவ்வளவு கச்சிதமாக விழுந்த அடி வேறு இல்லை என்பேன். ஒரு மாதம் கழித்து புஷ்-குவேல் ஜோடி 40 மாநிலங்களை வென்றது. 1984-ல் ரீகன் சொன்ன வயது நகைச்சுவையும் அப்படித்தான். எதிரியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலுக்காகப் பயன்படுத்த மாட்டேன் என்கிறார் 73 வயது ரீகன். 56 வயது மாண்டேலே சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பை மட்டும் பார்த்தால் தேர்தல் அங்கே முடிந்ததாகத் தோன்றும். ரீகன் வென்றது 49 மாநிலங்கள். அவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒரு நகைச்சுவை தேவைப்பட்டிருக்காது.

1992 ரிச்மண்ட் விவாதத்தைப் பேச்சாளர்கள் பார்க்க வேண்டும். பொதுமக்களே நேரில் கேள்வி கேட்ட முதல் அதிபர் விவாதம். ஒரு பெண் எழுந்து, நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது, பாதிக்கவில்லை என்றால் எங்கள் கஷ்டம் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்கிறார். அவர் எழும் நேரத்தில்தான் புஷ் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது ஒரு நொடி. பிறகு வருவதுதான் பாடம். புஷ் சுற்றிச்சுற்றிப் பேசி, கேள்வி சரியாகப் புரியவில்லை என்கிறார். கிளிண்டன் நாற்காலியைவிட்டு எழுந்து, நாலடி நடந்து அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்று, உங்களுக்கு என்ன ஆயிற்று, மறுபடி சொல்லுங்கள் என்கிறார். பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி. இந்தப் பகுதியைக் கிளிப்பாக வெட்டி வைத்திருக்கிறேன்; காப்பகத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் தொடக்கமும் முடிவும் குறித்துக் கிளிப் தயாரித்துக்கொள்ளலாம், அதிலிருந்து முழுக் காணொளிக்கும் போகலாம். அப்புறம், கிளிண்டன் இந்த மேடைக்கு வரும் முன்பே கணிப்புகளில் நன்றாக முன்னால் இருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன்.

பிந்தைய பதிவுகளில் 2012 டென்வர் முக்கியம். அக்டோபர் 3. ஒபாமா தலையைக் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டே இருக்கிறார், ராம்னி நேராகப் பார்த்துப் பேசுகிறார். இரண்டு முகங்களையும் சேர்த்துக் காட்டும் திரையில் இது அப்பட்டமாகத் தெரியும். பார்த்தவர்களில் 72 சதவீதம் பேர் ராம்னிதான் நன்றாகச் செய்தார் என்று கேலப் நிறுவனத்தின் கணிப்பில் சொன்னார்கள், ஒபாமாவுக்கு 20. அடுத்த நாட்களில் கணிப்புகளும் ராம்னி பக்கம் ஏறின. நவம்பரில் ஒபாமா 332 தேர்வாளர் வாக்குகளோடு (அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாகக் கிடைக்கும் வாக்குகள்) ஜெயித்தார். நடுவில் என்ன ஆனது என்பதை ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் பிறகு ஆராய்ந்தார்கள். ஒபாமா ஆதரவாளர்கள் மனம் மாறிவிடவில்லை. தங்கள் ஆள் சொதப்பிய வாரத்தில் கணிப்புக்காரர்களுக்குப் பதில் சொல்லும் உற்சாகம்தான் அவர்களுக்குக் குறைந்தது. கணிப்பில் தெரிந்த ஊசலாட்டத்தின் பெரும்பகுதி அதுதான். தேர்தல் காலத்தில் நம் ஊரில் வரும் கணிப்புகளைப் படிக்கும்போதும் இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2016-ல் முதல் விவாதத்தை 8.4 கோடிப் பேர் பார்த்தார்கள், இதுவரை இல்லாத சாதனை. மூன்றிலும் ஹிலாரியே சிறப்பாகச் செய்தார் என்றது கேலப். முடிவு எல்லோருக்கும் தெரியும். 2024 செப்டம்பர் விவாதத்தில் கமலா ஹாரிஸ் வென்றதாக சிஎன்என் கணிப்பு 63-க்கு 37 என்று சொன்னது. 312 தேர்வாளர் வாக்குகள் பெற்றவர் டிரம்ப்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு முடிவுக்கு வராமல் இருக்க முடியாது. கரோலின் லெ பெனெக், வின்சென்ட் போன்ஸ் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் 10 நாடுகளில் 1952 முதல் நடந்த 62 தேர்தல்களையும் 56 தொலைக்காட்சி விவாதங்களையும் எடுத்து, ஒரே வாக்காளரைத் தேர்தலுக்கு முன்னும் பின்னும் கேட்ட தரவுகளை ஆராய்ந்தார்கள். கடைசி இரண்டு மாதத்தில் முடிவெடுப்பவர்கள் 17 முதல் 29 சதவீதம் வரை இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவில் விவாதங்களின் தடம் தெரியவில்லை. விவாதம் பார்க்க உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு பக்கம் சேர்ந்தவர்கள். வேட்பாளர்கள் இருவரும் நன்றாகத் தயாராகித்தான் வருகிறார்கள். ஒருவர் ஏறினால் அடுத்த விவாதத்தில் மற்றவர் ஏறுகிறார். அக்கம்பக்கத்தார், கட்சிக்காரர்கள், தினச் செய்தி, விலைவாசி எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை 90 நிமிடம் செய்துவிட முடிவதில்லை.

1980 கிளீவ்லாந்து விவாதம் விதிவிலக்கு என்பார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 28. கணிப்புகள் நெருக்கமாக இருந்தன. ரீகன் ஏறத்தாழ 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். முடிவுரையில் அவர் நேராகக் கேமராவைப் பார்த்துக் கேட்கிறார்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது அப்போதைவிட எளிதாக இருக்கிறதா? அதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, பதில் ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது என்பது. பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். வாக்குப்பதிவு நாள் அவர்கள் பிடிபட்டதன் முதலாண்டு நிறைவு. மக்கள் மனதில் இருந்ததை ரீகன் ஒரு கேள்வியாக்கிக் கையில் கொடுத்தார். விவாதத்தால் முடிவது அதிகபட்சம் அதுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

உண்மையான விதிவிலக்கு என்று நான் ஏற்பது 2024 ஜூன் 27 அட்லாண்டா விவாதம். பார்வையாளர்கள் இல்லாத அரங்கு, எதிராளி பேசும்போது அணைக்கப்பட்ட மைக். அந்த நிசப்தத்தில் பைடனின் தடுமாற்றத்தை எதுவும் மூடவில்லை. ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். இங்கும் விவாதம் மாற்றியது வாக்காளர்களைவிடக் கட்சிக்காரர்களைத்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் வேட்பாளரே மாறிய பிறகு அந்த வேறுபாட்டுக்கு அதிக மதிப்பில்லை. கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் விவாதங்களுக்கு வலு கூடுதல் என்பதற்கும் இதே காரணம்தான். எல்லோரும் ஒரே கட்சி. சின்னத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆளைத்தான் பார்க்க வேண்டும். 2011 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற ரிக் பெரி, தான் மூடப்போகும் மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயரை மறந்து மேடையில் நின்றார். அதற்குப் பின் அவரது வேட்பாளர் முயற்சி எழவே இல்லை. மறந்துபோனது எரிசக்தித் துறை. 2017-ல் அதற்கே அமைச்சரானார்.

இப்போது அந்த அரை நட்சத்திரம். காணொளிக்குப் பக்கத்தில் ஓடும் எழுத்து வடிவம், நேரலையில் போட்ட வசனவரிகளைத் திருத்தாமல் எடுத்தது. அதை அவர்களே பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறார்கள். பெயர்கள் சிதைந்திருக்கும், யார் பேசியது என்பது குழம்பும். மாணவர்கள் அதிலிருந்து அப்படியே மேற்கோள் எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். விவாதங்களை நடத்திய ஆணையத்தின் தளத்திலும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அதிபர் ஆவணத் தளத்திலும் 1960 முதல் சரியான எழுத்து வடிவம் இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு காணொளியைப் பார்ப்பதுதான் என் வழக்கம். தமிழில் எதுவும் கிடையாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு 90 நிமிடம் பெரிய மலை. நான் முந்தைய நாளே கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கேள்வி தெரிந்திருந்தால் பதிலைப் பின்தொடர்வது பாதி சுலபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேடலில் தேதியும் ஊரும் சரியாகக் கொடுங்கள். வெறும் பெயரைப் போட்டால் அந்த மனிதர் பேசிய அத்தனை கூட்டமும் வந்து கொட்டும். ஆசிரியர்களுக்கென்று தனியாக இலவசப் பாடத்திட்டப் பகுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளை மனதில் வைத்துச் செய்தது என்றாலும் காணொளிகளை எப்படித் துண்டு போட்டு நடத்துவது என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

தேர்தலை மாற்றாது என்றால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் கேட்பார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது. வாக்கை மாற்றுவது மட்டும் விவாதத்தின் வேலை இல்லை. ஆட்சிக்கு வரப்போகிறவர், தனக்குப் பிடிக்காத கேள்வியை, எழுதிக்கொடுத்த காகிதம் இல்லாமல், எதிரி பக்கத்தில் நிற்க, கோடிக்கணக்கானோர் முன்னால் எதிர்கொள்கிறார். அந்தக் கடமை நம் தலைவர்களுக்கு இல்லை. நம் தொலைக்காட்சியில் இரவு தோறும் விவாதம் நடக்கிறது. வருவது செய்தித் தொடர்பாளர்களும் ஆதரவாளர்களும். முதல்வர் வேட்பாளர்கள் இருவர் நேருக்கு நேர் நின்று பேசும் வழக்கம் இங்கே இல்லை. 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, மூத்த பத்திரிகையாளர் என். ராம் மூவரும் நரேந்திர மோடிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதி, பொது மேடையில் விவாதிக்க அழைத்தார்கள். ராகுல் ஒப்புக்கொண்டார். விவாதம் நடக்கவில்லை. இங்கே நாடாளுமன்ற முறை, வாக்கு கட்சிக்கு, தலைவருக்கு இல்லை என்று ஒரு வாதம் உண்டு. பிரிட்டனும் நாடாளுமன்ற முறைதான். 2010 முதல் அங்கே தலைவர்கள் தொலைக்காட்சியில் நின்று பேசுகிறார்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 1960-லிருந்து வரிசையாகப் போக வேண்டாம், சலித்துவிடும். 1992 ரிச்மண்டில் ஆரம்பியுங்கள். கேள்வி கேட்பவர்கள் சாதாரண மக்கள் என்பதால் மொழி எளிது. பிறகு 1980 கிளீவ்லாந்து. அதன் பின் 1976 சான் பிரான்சிஸ்கோவைத் திறந்து, ஃபிராங்கெல் கேள்வி கேட்கும் இடம் வரை ஓட்டாமல் பாருங்கள். முடிந்ததும் யார் ஜெயித்தார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின என்று தேடுங்கள்.